எண்பது டிகிரி வந்தால்தான் இறங்குவேன்

சோரெல்,
ஜூலை 6

அன்பு மகள் மிலேனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பூனை, கொல்லைப்புறத்து நீச்சல் குளம் எல்லாரும் சௌக்கியம். முழங்காலின் சௌக்கியத்தை மட்டும் கடைசியில் சொல்கிறேன், பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அங்கே ஓடாதே. நீயும் மாப்பிள்ளை தாமுசியும் குட்டி மியாலியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் வடகோடி ஊர் விரிகுடாவில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது என்று போனில் சொன்னாய், ஜூலையில் பனிக்கட்டியா என்று உன் சித்தப்பா கயெத்தான் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறார். ஸ்ட்ராபெரி இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, இந்தக் கடிதத்தோடு வருகிற பெட்டியில் ஆறு பாட்டில் ஜாம் வைத்திருக்கிறேன், மேப்பிள் பாகு டப்பா அடியில் இருக்கிறது, நடுவில் சுற்றியிருக்கும் நீலக் குமிழித் தாளைத் தூக்கி எறியாதே, அது நம் குளத்துப் போர்வையில் வெட்டிய துண்டு, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று குறுக்கே பேசுவார். இது அவர்மேல் நான் எழுதுகிற புகார், புகார் எழுத்தில் இருந்தால்தான் நிற்கும்.

போனில் உனக்குப் பாதிதான் சொன்னேன், இப்போது முழுசாகச் சொல்கிறேன். மியாலி பிறந்தது பிப்ரவரியில், எனக்கு முழங்கால் மாற்றியது மார்ச்சில், அதனால் என் பேத்தியை இன்றுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன், ஆசையாக மூக்கைத் தொட்டால் போன் அணைந்துவிடுகிறது. ஆகஸ்ட் பதினாறு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய், கட்டாயம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் மே மாதக் கடைசியில் பிசியோதெரபி யானிக் என் காலை மடக்கி அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எண்பத்தெட்டு டிகிரிதான் மடிகிறதாம், நூற்றுப் பத்தாவது வேண்டுமாம். உங்கள் ஊருக்கு வருகிற அந்தச் சின்ன விமானத்தின் படத்தைக் காட்டினேன், கதவே கீழே மடிந்து படியாகிறதே அதுதான், ஐந்து படி, ஒவ்வொன்றும் கோழி ஏறுகிற ஏணி மாதிரி. அவர் பார்த்துவிட்டு, "எப்படியோ தூக்கி ஏத்திட்டாங்கன்னே வெச்சுக்குவோம், ரெண்டு மணி நேரம் காலை எங்கம்மா நீட்டுவீங்க, பக்கத்து சீட்டுக்காரர் மடியிலயா?" என்று கேட்டார். ஜூலைக்குள் மடியாவிட்டால் பயணத்துக்குச் சம்மதம் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். வழி ஒன்றுதான், தினமும் அரை மணி நேரம் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், காலை மடக்கி மடக்கி நீட்ட வேண்டும். பக்கத்திலிருக்கிற உள்ளரங்குக் குளத்தில் கூரை வேலை நடக்கிறது, செப்டம்பர் வரைக்கும் பூட்டு. சமையலறைக் கதவைத் திறந்தால் இருபத்து நாலு அடிக் குளம் இருக்கும்போது வேறு குளம் எதற்கு என்றார் உன் அப்பா. நியாயம்தான். ஆனால் பாரன்ஹீட்டில் எண்பது டிகிரிக்குக் கீழே இருந்தால் என் சுண்டுவிரல்கூட நனையாது என்பது ஊருக்கே தெரியும், நீ நீச்சல் கற்றுக்கொண்ட வருஷமே நான் மரத்தளத்தில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்துதான் கைதட்டினேன். மே கடைசியில் தண்ணீர் அறுபத்து நாலில் இருந்தது.

சரி, சூடாக்கிக் காட்டுகிறேன் பார் என்று உன் அப்பா புதுச் சோலார் போர்வை வாங்கி வந்தார், குளத்தை மூடி வெயிலில் சூடாக்குகிற குமிழித் தாள். பழையது உனக்கு நினைவிருக்கும், ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து, நீ நீந்தி முடித்தால் தலைமுடியில் நீலத் தூளாக இருக்குமே. புதியதைப் புல்தரையில் விரித்து, அதன்மேல் பழையதை விரித்து, அந்த அளவுக்கே கத்தரிக்கோல் போட்டார். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைத்தவள் ஜன்னலிலிருந்து கத்துகிறேன், "பழைய சட்டையை வெச்சுப் புதுச் சட்டைக்கு அளவெடுக்காதீங்க, அது சுருங்கியிருக்கும்!" என்று. காதில் வாங்கினால்தானே. தண்ணீரில் போட்டுப் பார்த்தால் சுற்றிலும் இரண்டு சாண் காலி, மொட்டைத் தலையில் குட்டித் தொப்பி வைத்தது போல. வெட்டி விழுந்த துண்டுதான் இப்போது உன் ஜாம் பாட்டிலைச் சுற்றியிருக்கிறது. அதோடு நின்றாரா, குமிழிப் பக்கத்தை மேலே பார்க்கப் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அகாத் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "குமிழி தண்ணியைத் தொடணும் அண்ணா, பெட்டியிலேயே படம் போட்டிருக்கே" என்றாள். அகாத்தை உனக்குத் தெரியாது, பிரான்சிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது, பழைய தபால்காரர் வீட்டை வாங்கியிருக்கிறாள், நல்ல பெண், எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேலே கோபம். "முப்பத்தொரு வருஷம் இரும்பாலை உலைக்கு முன்னாடி நின்னவன்மா நான், சூட்டைப் பத்தி எனக்கே பாடமா? வெயில் மேலேர்ந்துதானே வருது, அப்ப குமிழி மேலதான் பாக்கணும்." பத்து நாள் அப்படியே கிடந்தது. தண்ணீர் அறுபத்தாறைத் தாண்டவில்லை. பதினோராம் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தால் போர்வை திருப்பிக் கிடக்கிறது, குமிழி கீழே. யார் திருப்பியது என்று கேட்டேன். காற்றடித்துத் திரும்பிவிட்டதாம். இருபத்து நாலு அடிப் போர்வையைத் தூக்கிப் புரட்டிச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டுப் போகிற காற்றை நான் இந்த அறுபத்து ஆறு வயதில் பார்த்ததில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், திருப்பிப் போட்டதிலிருந்து தண்ணீர் மளமளவென்று ஏறியது. பகலில் வெயிலை வாங்கிக்கொள்கிறது, ராத்திரிக் குளிரில் சூட்டை வெளியே விடுவதில்லை. இதற்கு நடுவில் ஆற்றோரத்து ஈசல் கிளம்பிவிட்டது, இந்த வருஷம் தெரு விளக்கெல்லாம் மறைகிற அளவுக்கு. போர்வை மட்டும் இல்லாவிட்டால் குளத்தில் தண்ணீர் இருந்திருக்காது, ஈசல் கூட்டுதான் இருந்திருக்கும். தினமும் காலையில் அப்பா குழாயைப் பிடித்து போர்வைமேல் ஈசலைக் கழுவித் தள்ளுவார், அப்புறம் அவரும் அகாத்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து படுக்கை விரிப்பு மாதிரி மடித்து எடுப்பார்கள். பாதியை மடித்தால் போதுமே என்பார் இவர், "முழுசா எடுக்காம யாரும் இறங்கக் கூடாது, அடியில மாட்டிக்கிட்டா வெளியே தெரியவே தெரியாது" என்று அகாத் விடமாட்டாள், அந்த விஷயத்தில் நானும் அவள் கட்சி. நீ மியாலியோடு வரும்போதும் இதுதான் சட்டம், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். தண்ணீரில் மிதக்கிற பழைய மீன் வடிவத் தெர்மாமீட்டரை உன் அப்பா போர்வை மடிக்கும் அவசரத்தில் மிதித்து உடைத்துவிட்டார். மறுநாளே அகாத் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து கொண்டுவந்து தண்ணீரில் விட்டாள், வயிற்றில் தெர்மாமீட்டர் உள்ள வாத்து. பிரான்ஸ்காரி வாங்கிய வாத்து அல்லவா, வாத்துக்கு செல்சியஸ் மட்டும்தான் தெரியும். முதன்முதலில் உன் அப்பா வேலிக்கு மேலே தண்ணீர் அறுபத்து நாலு என்று பெருமையாகச் சொன்னபோதே அவள் பயந்துபோய், "அறுபத்து நாலா? அதுல முட்டை வேகுமே!" என்றவள். வெயிலுக்கு செல்சியஸ், குளத்துக்கு பாரன்ஹீட், அடுப்புக்கும் குளத்துக் கணக்கு, இப்போது அக்காவின் முழங்காலுக்கும் டிகிரி, நீங்கள் எல்லாம் எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். அதில் என்ன குழப்பம் இருக்கிறது, பழக்கம்தானே என்று சொல்லிவிட்டு, ஒரு வாரத்துக்குள் நானே போய்க் குழியில் விழுந்தேன்.

ஜூன் பதினைந்து, நல்ல வெயில். சமையலறையிலிருந்து இன்றைக்கு எவ்வளவு என்று கத்தினேன், உன் அப்பா வாத்தைத் தூக்கிப் பார்த்து இருபத்திரண்டு என்றார். நான் யோசித்தேன் மிலேன், இருபத்திரண்டு என்றால் எப்படிப்பட்ட நாள்? துணியை வெளியே காயப்போடுகிற நாள், ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்கிற நாள், ஐஸ்கிரீம் கடை வாசலில் வரிசை நிற்கிற நாள். இருபத்திரண்டில் குளிர்கிறது என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும் சந்தேகத்துக்கு, "இருபத்திரண்டுன்னா நம்ம கணக்குல எண்பது இருக்குமா?" என்று கேட்டேன். உன் அப்பா வானத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். அப்புறம், "அந்தப் பக்கமாத்தான் இருக்கும்" என்றார். நான் நம்பினேன். அந்தப் பக்கமாம்! நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கி, உள்ளே இருக்கிற நாலு படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜெபம் சொல்லி இறங்கினேன். இடுப்புவரை போனதும் உயிரே போய்விட்டது. ஐயோ குளிருகிறதே என்று அலறினால் இவர் மரத்தளத்தில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்துகொண்டு, "ரத்தம் மெலிய மாத்திரை சாப்பிடறல்ல, அதான் உனக்கு மட்டும் குளிருது, நடந்தா சரியாயிடும்" என்கிறார். நானும் ஆமாம் போலிருக்கிறது என்று நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினேன், நின்றால் விறைத்துப்போவேனே. காலை உதறி, மடக்கி, உதைத்து, அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். ஏறும்போது மட்டும் உன் அப்பா கை கொடுக்க வேண்டும், கைப்பிடியையும் பிடிக்க வேண்டும், ஒரு படிக்கு ஒரு நிமிஷம். இப்படியே ஒன்பது நாள். வெதுவெதுப்பாக இருந்திருந்தால் எருமை மாதிரி ஒரே இடத்தில் நின்றிருப்பேன், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன், அவரிடம் சொல்லாதே.

பத்தாம் நாள் ஜூன் இருபத்து நாலு, சான் ஜான் திருநாளுக்கு எல்லாரும் இங்கேதான். அகாத் ஒரு பழப் பணியாரம் செய்துகொண்டு வந்தாள், உன் சித்தப்பா கயெத்தான் வழக்கம்போல இரண்டு பெட்டி பீர், ஒரு மூட்டை பெருமை. உனக்குத் தெரியுமே அவருடைய முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார், உங்கள் குளம் எவ்வளவு என்றுதான் கேட்பார். தன் குளம் எழுபத்து எட்டாம். நான் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, எங்களுடையது எண்பது, அதனால்தான் நான் உள்ளே இருக்கிறேன் என்று தலை நிமிர்த்திச் சொன்னேன். உன் அப்பா திடீரென்று இறைச்சி கருகுகிறது என்று அடுப்பை நோக்கிப் போனார். கயெத்தானுக்குப் பொறுக்குமா, காருக்கு ஓடிப்போய்த் தன் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கயிற்றோடு தண்ணீரில் விட்டார், ஒரு நிமிஷம் கழித்துத் தூக்கினார், கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எழுபத்து மூணு! ஊரே வந்து பாருங்க, எங்க அண்ணி எழுபத்து மூணுல நிக்கறாங்க!" என்றார்.

அவ்வளவுதான், மிலேன். அந்த எண் காதில் விழுந்ததும் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. ஒன்பது நாளில் பழகிப்போய், ஒரு நொடிக்கு முன்புவரை சுகமாக இருந்த அதே தண்ணீர். பாவி மனுஷா என்று கத்திக்கொண்டு பூனைமேல் தண்ணீர் கொட்டியது போல் துள்ளி வெளியே வந்து, உன் அப்பாவைப் பிடித்து உலுக்க மரத்தளத்தில் நாலடி நடந்தும் விட்டேன். அவர் இடுக்கியைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்காமல் என் காலையே பார்க்கிறார். அகாத் மட்டும் மெதுவாக, "அக்கா, இப்ப எப்படி ஏறி வந்தீங்க?" என்றாள். திரும்பிப் பார்த்தேன். நாலு படி. கைப்பிடியைத் தொடவில்லை. யார் கையும் பிடிக்கவில்லை. படிக்கு ஒரு கால் வைத்து, எல்லாரும் ஏறுகிற மாதிரி ஏறி வந்திருக்கிறேன், கோபத்தில் எனக்கே தெரியவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன். உன் அப்பா வந்து பக்கத்தில் நின்றார், இறைச்சி நிஜமாகவே கருகிப்போயிற்று.

இருந்தாலும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை, வேண்டியதைப் பூனையிடம் சொன்னேன், பூனை அவரிடம் சொல்லட்டும் என்று. மூன்றாம் நாள் நானே போய் ஏன் ஏமாற்றினீர்கள் என்று கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு, "எண்பதுக்காகக் காத்துக்கிட்டிருந்தா பாப்பாவுக்குப் பல்லு முளைச்சுப் பள்ளிக்கூடம் போயிடும் லிசெத். நீ தினமும் ஜன்னல்லேர்ந்து எவ்வளவு எவ்வளவுன்னு கேக்கறப்ப, குறைச்சலாச் சொன்னா உன் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது. அது எனக்குப் பிடிக்கலை" என்றார். மனுஷன் குமிழிக்கு எது மேல் எது கீழ் என்று தெரியாதவர், என்னை மட்டும் சரியாகப் படித்திருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்குக் குளிர் பயமில்லை மிலேன். இறங்கி, நடந்து, சொன்னதையெல்லாம் செய்தும் கால் மடியவில்லை என்றால்? அப்போது உன்னிடம் வரமுடியாது என்பது உறுதியாகிவிடும். இறங்காமல் இருக்கிறவரை இன்னும் எண்பது வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். மார்ச்சிலிருந்து எனக்கு இந்தப் பயம்தான், போனில் நீ எப்போம்மா வருவே என்று கேட்கும்போதெல்லாம் தட்டுமுட்டுக் கதை பேசினேனே, அதெல்லாம் இதனால்தான். மன்னித்துக்கொள்.

போன புதன்கிழமை யானிக் அளந்தார். இரண்டு தடவை அளந்தார், கருவியைத் தட்டிப் பார்த்து மூன்றாம் தடவையும் அளந்தார். நூற்றுப் பன்னிரண்டு. தண்ணீர் எத்தனை டிகிரியில் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், ஆகஸ்ட் பதினான்காம் தேதி விமானத்துக்கு இடமும் பதிந்தாயிற்று. நான் மட்டும்தான் வருகிறேன், உன் அப்பா குளத்தையும் பூனையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், போர்வைக்கு ஓரத்தில் சேர்த்துத் தைக்க முடியுமா என்று வேறு என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தாமுசிக்கு என் அன்பு, அவர் அனுப்பிய காய்ந்த மீனை உன் அப்பா கயெத்தானுக்குக்கூடக் காட்டாமல் ஒளித்துவைத்துத் தின்றார். நீ வேளைக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள் நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது, உன் பள்ளிக்கூட வேலை காத்திருக்கும். மியாலியின் முதுகில் அந்தச் சிவப்புத் தடிப்பு போயிற்றா, எழுது. ஞானஸ்நான உடையை நானே தைத்துவிட்டேன், கை கொஞ்சம் நீளமாக வைத்திருக்கிறேன், குழந்தை வளர்வாளே, அளவு எடுத்தது பழைய சட்டையை வைத்து அல்ல. கடவுள் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் கதகதப்பான வீடும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, குழந்தையைக் குளிப்பாட்டுமுன் தண்ணீரை உன் முழங்கையால் தொட்டுப் பார், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நம்பாதே.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அம்மா லிசெத்

கடிதத்தை ஒட்டுமுன் படித்துவிட்டேன், இது அப்பா. இன்று தண்ணீர் எண்பத்திரண்டு, பாரன்ஹீட்டில், சத்தியமாக. உன் அம்மா ஒரு காலை விட்டுப் பார்த்துவிட்டு, இதென்ன முட்டை வேகவைக்கவா என்று கேட்டு, ராத்திரி போர்வை போடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். பதினான்காம் தேதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குப் பக்கத்தில் போய் நில். அம்மாவுக்குக் கை கொடுக்காதே. அவளே இறங்கி வருவாள்.